ஒன்றிய வாழ்வின் வரலாறு – 9: பஃபலோவில் ஒரு கொள்ளைநோய்

தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்டின் கதையைச் சென்ற வாரம் பேராதனையில் தொடங்கியிருந்தோம். 1880 இல் இலங்கைக்கு வந்த அந்த இளைஞர், கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பித் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றோடு வந்த துருநோய் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் நீர்த்துளியில் அவை முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே நுழைவதையும் காட்டினார். துரைமார் கேட்டது மருந்து. மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதால்தான் நோய் இப்படிப் பரவியது என்பதே அவர் கொடுத்த விடை. 1882 இல் அவர் கப்பலேறினார். கோப்பி போனது, தேயிலை வந்தது, நம்மவர்கள் இன்னும் கூட்டங்கூட்டமாக மலையேறினார்கள்.

இங்கிருந்து போன பிறகு வார்ட் செய்தவற்றையும் பார்த்தோம். இலங்கையில் இலைகளின் மேல் வளரக் கண்ட இலைக்கன் ஒன்றைப் பற்றி 1884 இல் எழுதினார். அவரை இனச் செடியின் வேர்முடிச்சுகளை 1887 இல் ஆராய்ந்தார். மதுவமும் பற்றீரியாவும் சேர்ந்து கட்டியாக வளர்ந்து இஞ்சிப் பியரைப் புளிக்கவைப்பதை 1892 இல் விளக்கினார். ஒரு பயிரை அழித்த நோயைத் தேடிவந்தவரின் கவனம் கூடி வாழும் உயிர்களின் பக்கம் திரும்பியிருந்தது. ஜெர்மனியின் அன்டன் டி பாரி 1879 இலேயே ஒட்டுண்ணி வாழ்வையும் ஒன்றிய வாழ்வுக்குள் சேர்த்து வைத்திருந்தார். இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது என்பது அவர் கருத்து.

வேலி இல்லையென்றால், நோயாக வந்த ஒன்று துணையாக மாறுவதை யாராவது கண்ணால் கண்டிருக்கிறார்களா? சென்ற வாரம் அந்தக் கேள்வியோடு நிறுத்தினோம். கண்டிருக்கிறார்கள். அது நடந்தது ஓர் அமீபாவுக்குள்.

*

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் பீலிக்கரைக் கல்லைத் தொட்டால் வழுக்கும். நாம் பாசி என்று தேய்த்துக் கழுவுகிற அந்த வழுவழுப்பில் பாசி ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி பற்றீரியாக்களும் அவை சுரந்த பசையும். ஆக்ரா ஓயாவின் கற்களிலும் குளத்துச் சேற்றிலும் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரிலும் இதே படலம் உண்டு. அமீபாக்கள் மேய்வது இந்தப் படலத்தின் மேல்தான். அமீபாவுக்கு வாய் கிடையாது. இரையைத் தொட்டதும் உடலின் ஒரு பகுதி போலிப்பாதமாக நீண்டு, இரையின் இருபுறமும் வளைந்து, மூடிக்கொள்கிறது. இரை இப்போது ஒரு மென்சவ்வுப் பைக்குள் இருக்கிறது. பாடப்புத்தகம் உணவுப் புன்வெற்றிடம் என்று சொல்வது இதைத்தான். சற்று நேரத்தில் சமிபாட்டு நொதியங்களைச் சுமந்த இலைசோசோம்கள் வந்து அந்தப் பையோடு ஒன்றுகின்றன. பிறகு இரை என்று எதுவும் மிச்சமில்லை.

இந்தத் தொடரின் முழுச் சிக்கலும் அந்தச் சிறிய இடைவெளியில் இருக்கிறது. விழுங்கப்பட்டதற்கும் கரைக்கப்படுவதற்கும் நடுவே சில நிமிடங்கள். இலைசோசோம் நெருங்காதபடி தடுக்கத் தெரிந்த ஒரு பற்றீரியாவுக்கு, கொல்லும் பையே குடியிருக்கும் அறையாகிவிடும். வெளியே எதிரிகள் உண்டு, வறட்சி உண்டு, பட்டினி உண்டு. உள்ளே எதுவும் இல்லை. மண்ணிலும் நன்னீரிலும் கோடானுகோடி ஆண்டுகளாக அமீபாக்கள் பற்றீரியாக்களைத் தின்றுவருகின்றன. அத்தனை காலத்தில் தப்பிக்கக் கற்றவை சில இருந்தே தீரும். பிற்காலத்தில் அக்கந்தமீபா என்ற இனத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்தவர்கள், ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குள் பற்றீரியா குடியிருப்பதைக் கண்டார்கள். ஆகவே அமீபாவுக்குள் பற்றீரியா இருப்பது அரிதான சங்கதி அல்ல. ஒன்று உள்ளே நுழைந்த கணத்திலிருந்து ஆண்டுக்கணக்காக ஒரு மனிதர் அதைக் கவனித்து வந்தார் என்பதுதான் அரிது.

*

இடம்: அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகம், பஃபலோ. ஆண்டு: 1966.

அங்கே கோட்பாட்டு உயிரியல் மையத்தை நடத்தியவர் ஜேம்ஸ் டானியெலி. உயர்தர உயிரியல் படித்தவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கும். கல மென்சவ்வுக்கு 1935 இல் கொடுக்கப்பட்ட டேவ்சன்–டானியெலி மாதிரி இவருடையது. ஓர் ஆய்விதழையும் அவர் நடத்தினார். பதினைந்து இதழ்கள் வரை திருப்பி அனுப்பிய ஒரு கட்டுரையை 1967 இல் அவர் துணிந்து வெளியிட்டார். எழுதியவர் அன்று லின் சேகன் என்ற பெயரிலிருந்த லின் மார்குலிஸ். நமது கலங்களுக்குள் சக்தியைத் தரும் இழைமணியும், தாவரக் கலத்தின் பச்சையவுருமணியும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பற்றீரியாக்கள் என்பது கட்டுரையின் வாதம். அதை நம்பாதவர்கள் கேட்டது ஒன்றுதான்: பற்றீரியா ஒன்று இன்னொரு கலத்துக்குள் புகுந்து அதன் உறுப்பாக மாறுவதை யார் பார்த்தார்கள்? அந்தக் கேள்விக்கான விடையின் முதல் பகுதி, அதே டானியெலியின் மையத்தில், கண்ணாடிக் கிண்ணங்களுக்குள் ஏற்கெனவே தொடங்கியிருந்தது என்பது இந்த வரலாற்றின் அபூர்வமான பொருத்தங்களில் ஒன்று.

கொரியாவில் பிறந்து இலண்டனில் முனைவர் பட்டம் பெற்ற குவாங் ஜியோன் அங்கே அமீபா புரோட்டியஸ் வளர்த்துக்கொண்டிருந்தார். நன்னீரில் வாழும் பெரிய அமீபா அது. கூர்ந்த கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் அளவு. அதற்குள் நுண்ணிய கருவிகளைச் செலுத்தி, கருவை வெளியே எடுத்து வேறோர் அமீபாவுக்குள் வைப்பதில் அந்தக் குழு கைதேர்ந்திருந்தது. ஒரு நாள் கிண்ணங்களில் ஒருவகை அமீபாக்கள் சுருண்டு சாகத் தொடங்கின. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொன்றின் குழியவுருவிலும் கோல் வடிவப் பற்றீரியாக்கள் நிரம்பிக் கிடந்தன. ஓர் அமீபாவுக்குள் 60,000 முதல் 150,000 வரை. எங்கிருந்து வந்தன, என்ன இனம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எக்ஸ் பற்றீரியா என்று பெயர் வைத்தார்கள்.

ஆய்வுகூடங்களில் தொற்று வந்தால் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். நோய்ப்பட்ட கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டு, நல்லவற்றிலிருந்து புதிதாகத் தொடங்குவார்கள்.

ஜியோன் அதைச் செய்யவில்லை.

செத்தவை சாக, எஞ்சியவற்றை எடுத்து வளர்த்தார். அவையும் நலமாக இல்லை. மெதுவாகப் பிரிந்தன. இரை குறைந்தாலும் செத்தன, கூடினாலும் செத்தன, சற்று வெப்பம் ஏறினாலும் செத்தன. அவற்றில் தப்பியவற்றை மறுபடி வளர்த்தார். மாதங்கள் போயின, ஆண்டும் போனது. ஜோன் லோர்ச்சும் அவரும் 1967 இல் இதைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, அமீபாவில் வழக்கத்துக்கு மாறான தொற்று என்பதைத் தாண்டி எதுவும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் சொல்வதற்கு வேறெதுவும் இருக்கவுமில்லை. ஆனால் கிண்ணத்துக்குள் மெல்ல ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அமீபாக்கள் தேறிவந்தன. பற்றீரியாக்கள் அழியவில்லை, எண்ணிக்கை மட்டும் குறைந்து, ஓர் அமீபாவுக்கு ஏறத்தாழ 42,000 என்ற அளவில் நின்றது. அமீபா பிரியும்போது அவையும் பிரிந்து இரு பங்காயின. கொள்ளைநோய் ஓய்ந்தது, நோய்க்கிருமி குடியிருந்தது.

*

இதுவரை நடந்ததை யாரும் ஒருவாறு எதிர்பார்க்கலாம். நோய்க்கு ஈடுகொடுத்தவை பிழைக்கும், அளவோடு பெருகும் கிருமி நீடிக்கும். திருப்பம் 1970களின் தொடக்கத்தில், தொற்று வந்து ஐந்தாண்டு ஆன நிலையில் வந்தது.

ஜியோன் அப்போது டென்னசி பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இந்த அமீபாக்கள் பற்றீரியாவைப் பொறுத்துக்கொள்ள மட்டும் கற்றனவா, அல்லது அவற்றின் உள்ளமைப்பே மாறிவிட்டதா? விடை தேடக் கருமாற்று அறுவையை எடுத்தார். தொற்றுள்ள அமீபாவின் கருவை வெளியே எடுத்து, கரு நீக்கப்பட்ட வேறொரு தொற்றுள்ள அமீபாவுக்குள் வைத்தால் அது பிழைத்தது, பிரிந்தது. ஆகவே அறுவையால் கேடில்லை. அதே கருவை, தொற்றே காணாத அமீபாவின் சுத்தமான குழியவுருவுக்குள் வைத்தார். நோய்க்கிருமி ஒன்றுகூட இல்லாத, எந்தக் குறையுமில்லாத இடம். அங்கே அந்தக் கரு வாழவில்லை. அமீபா பிரியாமல் செத்தது.

அந்தச் சுத்தமான அமீபாவுக்குள் கருவோடு சேர்த்து எக்ஸ் பற்றீரியாக்களையும் ஊசியால் செலுத்தினார்.

அமீபா பிழைத்துக்கொண்டது.

1972 இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1976 வரை வந்த ஆய்வுகளும் இந்த முடிவை நிலைநிறுத்தின. வேறு வழியாகவும் சோதித்தார்கள். பற்றீரியாவைக் கொல்லும் குளோரம்பெனிக்கோல் மருந்தைக் கொடுத்தால், அமீபாவை நேராகத் தாக்காத மருந்தாக இருந்தும், அமீபாவும் சேர்ந்து செத்தது. பற்றீரியா தாங்காத அளவு வெப்பத்தை ஏற்றினாலும் அப்படித்தான். பற்றீரியாவை இழந்து சாகக் கிடந்த அமீபாவுக்குள் புதிதாகப் பற்றீரியாவைச் செலுத்தினால் உயிர் திரும்பியது. ஐந்தாண்டுக்கு முன் எந்தப் பற்றீரியா இவற்றின் மூதாதையரைக் கொத்துக்கொத்தாகக் கொன்றதோ, அது இல்லாமல் இன்று இவை தாக்குப்பிடிக்காத நிலை.

*

இந்தச் சோதனையைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்தி, எதிரி நண்பனானான் என்று முடிப்பதுண்டு. அந்த முடிவு தவறு என்பது என் வாதம். அமீபாவுக்குப் பற்றீரியா இன்றியமையாததாக ஆனது என்பது நிரூபணமானது. பற்றீரியாவால் அமீபாவுக்கு நன்மை என்பது நிரூபணமாகவில்லை. இரண்டும் வேறு வேறு செய்திகள். தொற்றுள்ள அமீபாவையும் தொற்றில்லாத அமீபாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொற்றுள்ளது எதிலும் முந்தவில்லை. பட்டினியைத் தாங்குவதில் பின்தங்கியது, வெப்பத்தைத் தாங்குவதில் பின்தங்கியது. பற்றீரியா வந்ததால் அமீபா பெற்ற புதிய திறன் என்று எதையும் காட்ட முடியவில்லை. பெற்றது எதுவுமில்லாமல், அது இல்லாவிட்டால் சாவு என்ற நிலை மட்டும் வந்திருக்கிறது.

மலையகத்தில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வது கடினமல்ல. 1921 இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை இங்கே துண்டு முறை இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டு ஒன்று அவரோடு ஒட்டியிருக்கும். அந்தக் கடனை வேறொரு தோட்டம் ஏற்றால்தான் இவர் இந்தத் தோட்டத்தை விட்டுப் போக முடியும். தோட்டம் இல்லாமல் அவருக்குப் பிழைப்பில்லை என்பது உண்மை. அதை வைத்துத் தோட்டத்தால் அவருக்கு நன்மை என்று யாராவது எழுதினால் நாம் ஏற்க மாட்டோம். விட்டுப்போகும் வழி எப்படி அடைபட்டது என்று கேட்போம். அமீபாவுக்கு நோக்கமும் இல்லை, சதியும் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அங்கும் அதேதான்: விட்டுப்போகும் வழியை அடைத்தது எது?

மறுப்புகள் உண்டு, அவை லேசானவை அல்ல. முதலாவது: இது ஆய்வுகூடத்தின் செயற்கை. இயற்கையில், நோய்ப்பட்ட அமீபாக்களை நோயற்றவை முந்தித் தின்று பெருகி, அவற்றை இல்லாமல் செய்திருக்கும். ஜியோனின் கை இருந்ததால்தான் அவை பிழைத்தன. இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். அந்தக் கிண்ணங்களில் நல்ல அமீபாக்களைக் கலந்துவிட்டிருந்தால் கதை முதல் சில மாதங்களிலேயே முடிந்திருக்கக்கூடும். ஆனால் ஜியோன் காத்தது உயிரை மட்டுமே. சார்ந்து வாழும் தன்மையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுத்திருக்கவும் முடியாது. அப்படி ஒன்று உண்டென்பதே கருமாற்றுச் சோதனைக்குப் பிறகுதானே தெரிந்தது? யாரும் நாடாமல், யாரும் பார்க்காமல் அது தானாக உருவாகியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தேறிய அமீபாவிலிருந்து எடுத்த பற்றீரியாவை, தொற்றே காணாத புதிய அமீபாக்களுக்குக் கொடுத்து மறுபடி தொடங்கினார்கள். ஏறத்தாழ 200 தலைமுறைகளில், அதாவது 18 மாதங்களில், அவையும் பற்றீரியா இல்லாமல் வாழ முடியாதவையாயின. ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று தள்ளலாம். மறுபடி தொடங்கியபோதும் அதே முடிவுக்கு வந்தால், கலத்தின் அமைப்பிலேயே அதற்கான வழி இருக்கிறது என்றுதான் பொருள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நன்மை தெரியவில்லை என்பதால் நன்மை இல்லை என்று ஆகிவிடாது. பற்றீரியா ஏதோ ஒரு பொருளைச் செய்து கொடுக்கிறது, அமீபா தன் சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது, அதனால்தான் இந்தச் சார்பு என்று சொல்லலாம் அல்லவா? நெடுங்காலம் பலரும் இப்படித்தான் எண்ணினார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, பரம்பரையலகுகளைத் தனித்தனியாக வாசிக்கும் கருவிகள் வந்த பிறகு, அந்தப் பொருள் கையில் சிக்கியதாகவே தோன்றியது.

*

எல்லாக் கலங்களுக்கும் சாம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதியம் தேவை. டீ.என்.ஏ. மீதும் புரதங்கள் மீதும் மெதைல் என்ற சிறிய இரசாயனக் குறிகளை ஒட்டுவதற்கு ஒரு மூலக்கூறு வேண்டும். அந்த மூலக்கூறைச் செய்வது இந்த நொதியம். இது நின்றால் கலத்தின் வேலைகள் பல ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகும். தொற்றுள்ள அமீபாக்களில் இந்த நொதியத்துக்கான பரம்பரையலகு அடங்கிப்போயிருப்பதை ஜியோனின் குழு கண்டது. பற்றீரியா உள்ளே இருந்தால் அமீபாவின் அந்தப் பரம்பரையலகு வேலை செய்வதில்லை. ஆனாலும் தொற்றுள்ள அமீபாவில் நொதியத்தின் செயற்பாடு அறவே இல்லாமற் போகவில்லை, ஏறத்தாழப் பாதி இருந்தது. அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது? பற்றீரியாவுக்கும் அதே நொதியம் உண்டு. ஆகவே பற்றீரியாதான் கொடுக்கிறது என்ற விடை எல்லோர் நாவிலும் நின்றது. அமீபா தன் அடுப்பை அணைத்துவிட்டது, குடியிருப்பவர் சமைத்துப் போடுகிறார். சார்புக்கும் விளக்கம், நன்மைக்கும் சாட்சி.

2004 இல் வெளிவந்த முடிவு அந்த விடையைக் கவிழ்த்தது. அளந்து பார்த்தபோது, பாதி நொதியம் பற்றீரியாவிடமிருந்து வரவில்லை. அமீபாவிடம் இரண்டாவது சாம்ஸ் பரம்பரையலகு ஒன்று இருந்தது. அப்படி ஒன்று இருக்குமென்று ஆய்வாளர்களே எதிர்பார்க்கவில்லை. பற்றீரியா முதலாவதை அடக்கியதும் அமீபா இரண்டாவதை இயக்கியிருக்கிறது. ஆகவே இந்த ஒரு விடயத்திலாவது, பற்றீரியா கொடுத்தது எதுவுமில்லை. அது செய்தது அமீபாவின் ஒரு பரம்பரையலகை நிறுத்தியதுதான். அமீபா தன்னிடமிருந்த இரண்டாந்தர ஏற்பாட்டைக் கொண்டு பாதி அளவில் சமாளிக்கிறது.

இது சார்பின் முழுக் காரணத்தையும் சொல்லிவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பற்றீரியாவை நீக்கினால் அமீபா ஏன் சாகிறது என்பதற்கு இந்தப் பரம்பரையலகு மட்டும் விடையாகாது. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட வாதத்துக்கு இது போதும். கொடுக்கல் வாங்கலில்தான் சார்பு பிறக்கும் என்ற எண்ணம், சோதிக்கக்கூடிய ஓரிடத்தில் சோதிக்கப்பட்டு, அங்கே தோற்றுவிட்டது. இழப்பு முன்னே வந்தது. ஒன்றின் இழப்பை மற்றொன்றால் ஈடுகட்டிச் சமன்செய்த ஒரு புதிய நிலை பின்னே வந்தது. பற்றீரியா உள்ளே இருப்பதையே வழக்கமாகக் கொண்ட கலம், அது இல்லாத நாளைச் சந்திக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. பற்றீரியாவின் பக்கமும் அப்படித்தான். அமீபாவுக்கு வெளியே அதை வளர்க்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை.

*

அந்தப் பற்றீரியா யார் என்பதும் 2004 இல்தான் வெளியாயிற்று. தென்கொரிய ஆய்வாளர்கள் அதன் மரபுப் பொருளை வாசித்து, உறவினர் யாரென்று தேடினார்கள். கிடைத்த குடும்பத்தின் பெயர் லெஜியனெல்லா. ஜியோனை நினைவுகூர்ந்து லெஜியனெல்லா ஜியோனி என்ற பெயரை முன்மொழிந்தார்கள்.

பெயரைக் கேட்டதும் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1976 யூலையில் பிலடெல்பியாவின் பெலவ்யூ ஸ்ட்ராட்பர்ட் ஹோட்டலில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. வீடு திரும்பியவர்கள் கடும் நியூமோனியாவில் விழுந்தார்கள். நோயுற்ற படைவீரர்களில் 29 பேர் இறந்தார்கள். காரணமான கிருமியை ஜோசப் மெக்டேட்டும் சார்ள்ஸ் ஷெப்பர்டும் 1977 ஜனவரியில் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன் யாரும் பெயரிடாத அந்தக் கிருமிக்குத்தான் லெஜியனெல்லா என்ற பெயர் வந்தது. மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றாத இது எங்கே வளர்கிறது, மனித நுரையீரலின் காவல் கலங்களுக்குள் புகுந்து பெருக எங்கே கற்றது? விடையை 1980 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் திமோதி ரோபோதம் சொன்னார். அது நன்னீர் அமீபாக்களுக்குள் வளர்கிறது. அமீபா விழுங்குவதும் நமது காவல் கலம் விழுங்குவதும் ஏறக்குறைய ஒரே முறைதான், அதே பை, அதே இலைசோசோம். அமீபாவின் பையில் சாகாமலிருக்கக் கற்ற கிருமிக்கு நமது நுரையீரலில் புதிதாகக் கற்க அதிகமில்லை.

வார்ட் கோப்பி இலையில் பார்த்ததும் இஞ்சிப் பியரில் பார்த்ததும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். இங்கே அந்தக் கோடு ஒரே குடும்பத்துக்குள் ஓடுகிறது. ஒரு லெஜியனெல்லா தான் புகுந்த அமீபாவையே கரைத்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போகிறது, வழியில் மனிதர் அகப்பட்டால் அவரையும் கொல்கிறது. இன்னொன்று பஃபலோவில் அமீபாவைக் கொல்லத் தொடங்கி, பாதியில் நின்று, அதற்குள்ளேயே நிரந்தரமாகக் குடியேறுகிறது. இலைசோசோமை விலக்கிவைத்து உயிர்பிழைக்கும் திறமை இரண்டுக்கும் பொதுவானது. பஃபலோவின் அமீபாவுக்கும் பற்றீரியாவுக்கும் தங்கள் ஏற்பாட்டைச் செய்துகொள்ளக் காலமும் காவலும் கிடைத்தன என்பதுதான் வேறுபாடு. கோப்பிக்கும் துருநோய்க்கும் அந்தக் காலம் கொடுக்கப்படவில்லை. கணக்குப் பார்த்த கம்பனிகள் செடியைப் பிடுங்கித் தேயிலையை நட்டுவிட்டன.

*

இனி மிஞ்சியிருப்பது மூன்றாவது மறுப்பு. என் வாதத்தை உண்மையில் உலுக்கக்கூடியது அதுதான். இழப்பிலிருந்து பிறந்த சார்பு ஆய்வுகூட அமீபாவுக்குப் பொருந்தலாம். இழைமணிக்குப் பொருந்துமா? அது நமக்குச் சக்தி தருகிறது. பச்சையவுருமணி தேயிலைக் கொழுந்துக்கு உணவு ஆக்குகிறது. அங்கே நன்மை கண்ணெதிரே நிற்கிறதே, நன்மையில்தானே அந்த உறவு தொடங்கியிருக்க வேண்டும்?

அந்த உறவுகள் தொடங்கி நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், தொடக்கத்தின் தடயம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆனால் பாதி வழியில் நிற்கும் ஓர் உயிர் உண்டு. அதுவும் நன்னீர் அமீபாதான். ஓடு போர்த்திய இந்தச் சிறிய அமீபாவை 1895 இல் ஜெர்மனியில் றொபேர்ட் லோட்டர்போர்ன் கண்டெடுத்துப் பாலினெல்லா குரொமட்டோபோரா என்று பெயரிட்டார். அதற்குள் நீலப்பச்சை நிறத்தில், தொத்திறைச்சி வடிவில், இரண்டு மணிகள். ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பச்சைப் பற்றீரியாவின் வழித்தோன்றல்கள் அவை. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளாக உள்ளே இருக்கின்றன. 2008 இல் அவற்றின் மரபுப் பொருளை முழுமையாக வாசித்தபோது, புரதங்களுக்கான பரம்பரையலகுகள் 867 மட்டுமே மிஞ்சியிருந்தன. வெளியே தனித்து வாழும் உறவினரோடு ஒப்பிட்டால் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. அமீபாவும் ஒன்றைத் தொலைத்திருக்கிறது. அதன் நெருங்கிய உறவினங்கள் இன்றும் பற்றீரியாக்களைப் பிடித்துத் தின்கின்றன. பாலினெல்லா குரொமட்டோபோரா தின்பதில்லை, வெளிச்சத்தில் வாழ்கிறது.

உள்ளிருக்கும் மணிகள் ஊட்டத் தொடங்கியதால் அது வேட்டையை விட்டதா, அல்லது வேட்டையாடும் ஆற்றலை முதலில் இழந்து, பிறகு அந்த மணிகளை மட்டுமே நம்ப வேண்டிய நிலைக்கு வந்ததா?

(அடுத்த வாரம் தொடரும்)